பெரிய கேமராவும் சின்ன கேமராவும்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் என்னோடு நடக்கிற நண்பர் போன வாரம் ஒரு யோசனை கேட்டார். கல்லூரியில் படிக்கிற பேரன், பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வேண்டும் என்று நிற்கிறானாம். "செல்போன்லயே எல்லாம் நல்லா வருதே, இது எதுக்கு?" என்பது தாத்தாவின் கேள்வி. இளவட்டங்களுக்கு இப்போது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கேமராக்கள் மேல் ஒரு மோகம் வந்திருக்கிறது. நம் காலத்தில் கிராமபோன் பெட்டி தேடி அலைந்தவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

விலைக்கு இரண்டு வருகிறதாம். ஒன்று கறுப்பாக, கனமாக, லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டிஎஸ்எல்ஆர். இன்னொன்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிற மெல்லிய கேமரா. எதை வாங்கலாம்? இரண்டு வகையும் என் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன்.

என்னுடையது நிக்கான் டி40. 2006 கடைசியில் வெளிவந்த மாடல். 2007-ல் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், பணிக்கொடையில் ஒரு துண்டை வெட்டி அதை வாங்கினேன். வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. "ஏங்க, இத கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் இனிமே காய்கறி வாங்கப் போவீயளா?" என்று மட்டும் கேட்டாள். மறு வருஷம் மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது அவன் அம்மாவுக்கென்று ஒரு கேனான் இக்ஸஸ் 80 கொண்டுவந்தான். எடை 125 கிராம். என்னுடையது லென்ஸோடு சேர்த்து முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அவளுடையது கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் தைலப் புட்டிக்கும் நடுவில் கிடக்கும். என்னுடையதற்குத் தனிப் பை, தனித் துணி, தனி தூரிகை. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து, அதை டப்பாவில் வைத்து அரிசி மூட்டைக்குள் புதைத்து, அதற்கும் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

முதலில் எனக்குப் பெரிய குழப்பம். என்னுடையது 6.1 மெகாபிக்சல். அவளுடையது 8. விலை குறைந்த சின்னதில் எண் கூடுதலாக இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. மகன்தான் விளக்கினான். படம் பதிகிற சென்சார் என்ற சில்லு என் கேமராவில் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் அகலம். ஒரு சின்னத் தபால்தலை அளவு. அவளுடையதில் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 4-க்குக் கொஞ்சம் கூடுதல். சுண்டுவிரல் நகத்தில் பாதி. பரப்பளவில் பதினைந்து மடங்கு வித்தியாசம். மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் தம்ளரையும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். வெயிலில் இரண்டு படமும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு தம்ளரின் வண்டவாளம் தெரிந்துவிடும். நிழல் இருக்கிற இடமெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வரும்.

கூந்தன்குளத்துக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். 55-200 லென்ஸில் கூழைக்கடாவின் அலகுப்பை மடிப்புக்கூட எனக்குத் தெரிந்தது. சின்னதில் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்க முடியாது. மரத்தின் மேல் யாரோ வெள்ளைத் துணி காயப்போட்டது போல வந்தது. அதே நேரம், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் நான் கேமராப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நசுங்கியதுதான் மிச்சம். அவள் கையை உயரத் தூக்கி, பார்க்காமலே நாலு தட்டு தட்டினாள். வடம் இழுக்கிற தலைகளும் தேரும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டன. குற்றாலத்துக்கு என் கேமராவை நான் கொண்டுபோனதே இல்லை.

இதெல்லாம் யாரும் சொல்லிவிடக்கூடிய வித்தியாசங்கள். நான் சொல்ல வந்தது என் அக்கா விஷயம்.

அக்கா கல்லிடைக்குறிச்சியில் வாக்கப்பட்டவள். என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்துப் படிக்க வைத்தவள். பெரிய கேமரா வந்ததும் முதலில் அவளைத்தான் நல்லபடியாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகவே சென்னைக்குப் போனபோது 50 மில்லிமீட்டர், எப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். முகம் மட்டும் தெளிவாக இருந்து பின்னால் உள்ளதெல்லாம் பஞ்சு மாதிரி கரைந்துபோகுமே, அந்தப் படம் எடுக்கிற லென்ஸ். வீட்டுக்கு வந்து மாட்டினால் தானாகப் போகஸ் ஆகவில்லை. அந்த வகை லென்ஸைத் திருப்புகிற மோட்டார் கேமராவுக்குள் இருக்க வேண்டும். டி40-ல் அது கிடையாது. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பி, கண்ணாடிக்குள் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அந்த லென்ஸில் முழுசாகத் திறந்து வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் தெளிவு நாலு விரற்கடைதான். மூக்குத்தி தெளிவாக இருந்தால் காது மங்கும். எதிரில் இருப்பவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் போச்சு. ஆகவே அக்காவை வாசல் திண்ணையில் உட்கார வைத்து, "அசையாதக்கா, அசையாதக்கா" என்று வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். "ஏலேய், கெழவியப் போட்டு என்னத்தப் படம் புடிக்க?" என்பாள், ஆனாலும் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். தம்பி ஆசைப்படுகிறானே என்று.

இன்னொன்றும் செய்தேன். அக்காவுக்கு முன்பல் இரண்டு போயிருந்தது. "யக்கா, வாய மூடிக்க. பல்லு போனது தெரியுது" என்றேன். ஒரு தடவைதான் சொன்னதாக ஞாபகம். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேமராவைக் கண்டாலே அக்கா உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஐந்தாறு வருஷத்தில் அப்படி அறுபது படத்துக்கு மேல் எடுத்திருக்கிறேன்.

2012 பொங்கலுக்குக் கல்லிடைக்குறிச்சி போயிருந்தோம். சாயங்காலம் அக்கா அடுப்படியில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து பனங்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். டியூப்லைட் வெளிச்சம்தான். நான் நடையில் இருந்தேன். வீட்டம்மா அவளுடைய சின்னக் கேமராவை எடுத்து, "மதினி, இங்க பாருங்க" என்றாள். அக்கா நிமிர்ந்தாள்; வழக்கப்படி வாயை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். டிஎஸ்எல்ஆரில் போகஸ் மட்டும் முதலிலேயே ஆகியிருந்தால், பொத்தானை அமுக்கிய கணத்தில் உள்ளே கண்ணாடி எழும்பி 'டக்'கென்று படம் விழுந்துவிடும். அந்தக் காலத்துச் சின்னக் கேமராக்கள் அப்படியில்லை. அமுக்கினால் யோசிக்கும். அதிலும் பிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால், வெளிச்சம் கண்ணுக்குள் போய்த் திரும்பி, கருவிழி சிவப்பாக விழுந்துவிடும். அதைத் தவிர்க்க முதலில் ஒரு சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும்; அந்த வெளிச்சத்தில் பாப்பா சுருங்கிய பிறகுதான் பிளாஷ் அடிக்கும். அதற்குள் ஒரு நொடி போயிருக்கும். எத்தனையோ நல்ல படத்தை அந்த ஒரு நொடியில் கோட்டைவிட்டிருக்கிறோம். குழந்தை திரும்பிவிடும், பசு நடந்துவிடும்.

அன்றைக்கு அந்த விளக்கு எரிந்ததும் படம் எடுத்தாகிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். "எடுத்தாச்சாளா?" என்று கேட்டுக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் பிளாஷ் அடித்தது.

நான் வந்து கேமராவின் திரையில் பார்த்தேன். கிழங்கு பிடித்த கை அசைந்து மங்கியிருந்தது. பாத்திரங்களில் பிளாஷ் பட்டுப் பளீர் பளீரென்று வெள்ளை. அக்கா நடுவில்கூட இல்லை, ஒரு மூலையில் இருந்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. "வீணாப் போச்சு, அழிச்சிரு" என்றேன். "இருந்துட்டுப் போவட்டும், என்ன எடத்தையா அடைக்குது?" என்றாள்.

2013-ல் அக்கா போய்விட்டாள். விசேஷத்துக்குள் படம் மாட்ட வேண்டும் என்று மருமகள்கள் இருவரும், அதாவது அக்காவின் மகள்கள், என்னிடம்தான் வந்தார்கள். கேமராக்காரர் நான்தானே. கணினியைத் திறந்தேன். என் படங்களின் பெயர் டிஎஸ்சி என்று தொடங்கும், வீட்டம்மாவுடையவை ஐஎம்ஜி என்று. டிஎஸ்சி அறுபதையும் வரிசையாகக் காட்டினேன். மூக்குத்திக் கல், நெற்றித் திருநீற்றின் கோடு, நரைமுடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம். பின்னால் வீடு இருந்த தடமே இல்லை, எல்லாம் பஞ்சு. பெரியவள் பார்த்துக்கொண்டே வந்தாள். "நல்லாருக்கு மாமா" என்றாள். சின்னவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா எல்லாத்துலயும் யாரு மேலயோ கோவமா இருக்கா மாதிரியே இருக்கே மாமா" என்றாள்.

என்ன பதில் சொல்வது? சொல்லவில்லை. இவ்வளவு வருஷம் கழித்து இங்கேதான் எழுதுகிறேன்.

வீட்டம்மா எழுந்து வந்து, எலியை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஐஎம்ஜி படத்தைத் தேடித் திறந்தாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் அழுதார்கள்.

ஸ்டூடியோவுக்கு இரண்டையும் கொண்டுபோனேன். கணக்குப்படி சின்னதில் 3264-க்கு 2448 புள்ளிகள். என்னுடையதில் 3008-க்கு 2000. காகிதத்தில் போட்டால் சின்னதுதான் கொஞ்சம் பெரிதாக வர வேண்டும். ஆனால் அக்கா மூலையில் இருப்பவள். அவளை மட்டும் வெட்டி எடுத்தால் கால் பங்குகூடத் தேறவில்லை; ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கிக் காட்டியபோது கன்னமெல்லாம் ரவை. "சார், 5-க்கு 7 போடலாம், அதுக்கு மேல போனா முகம் நிக்காது" என்றார். மாலை போடுகிற படத்துக்கு அது போதாது. ஆகவே கூடத்தில் மாட்டியது என் படம்தான், 12-க்கு 18. கம்பீரமாக இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சின்னவள் 5-க்கு 7 ஒன்று போட்டுப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டாள். அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

நாலைந்து வருஷத்தில் கல்லிடைக்குறிச்சி வீடு கைமாறியது. வாங்கினவர்கள் இடித்துக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் பெரியவள் போன் செய்தாள். "மாமா, நம்ம அடுப்படி தெரியுற மாதிரி படம் ஏதாச்சும் இருக்கா? அம்மா இல்லாட்டியும் பரவால்ல." அந்த வீட்டில் நான் எடுத்த எல்லாப் படத்திலும் வீட்டை நானே பாடுபட்டுக் கரைத்து வைத்திருக்கிறேன். அதற்கென்று காசு கொடுத்து லென்ஸ் வாங்கியவன். சின்னக் கேமராவுக்கு அப்படிக் கரைக்கத் தெரியாது. சென்சார் சின்னதாக இருந்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே தெளிவாக விழும். அதை ஒரு குறையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஐஎம்ஜி படத்தை முழுசாக அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னால் சுவரில் அம்மா கரியால் போட்ட பால் கணக்குக் கோடு தெரிகிறதாம். நான் அதைக் கவனித்ததே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து ஐந்தாகக் கட்டிப்போட்ட கோடுகள், கடைசியில் இரண்டு தனியாக.

சரி, நண்பர் கேட்டதற்கு வருகிறேன். சின்னது வாங்குவதானால் மூன்று நாலு தடவை போட்டு அணைத்து, லென்ஸ் தடங்கல் இல்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். பழைய பாட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், புதுசு கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியதானால் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. பறவை, சிலை, மேடைக் கச்சேரி என்று பையன் போகப்போகிறான் என்றால் பெரியதுதான். அதில் சந்தேகமே இல்லை. நண்பர்களோடு சுற்றப்போகிறான் என்றால் பெரியதை ஒரு மாதத்தில் பரணில் போட்டுவிடுவான்.

காசு கொடுத்தும் வாங்க வேண்டாம் என்று தோன்றுகிறது. என் டி40 நன்றாகவே வேலை செய்கிறது, தோள்பட்டைதான் ஒத்துழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேரனை வீட்டுக்கு அனுப்புங்கள், எடுத்துக்கொண்டு போகட்டும். சின்னது என்னுடையது இல்லை, அதைப் பற்றி நான் பேச முடியாது. 50 லென்ஸும் சேர்த்தே தருகிறேன். கையால்தான் திருப்ப வேண்டும், அதை இப்போதே சொல்லிவிட்டேன்.