ஏறுமா, இறங்குமா?

மும்பையில் நமக்கு வேலை, இங்கிலீஷ் டெண்டர் பேப்பர்களை அரபியில் மாற்றுவது. இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் 'பிட்' என்ற ஒரே வார்த்தை போதும். அரபியில் நடக்காது. அரசாங்கம் சாமான் வாங்கினால் 'முனாகஸா'. வேர்ச்சொல்லுக்குக் குறைதல் என்று அர்த்தம், விலை இறங்கும். ஏலம் விட்டால் 'முஸாயதா'. கூடுதல், விலை ஏறும். நம் தமிழிலும் ஒப்பந்தப்புள்ளி வேறு, ஏலம் வேறுதானே? மாற்றிப் போட்டால் விற்க வந்தவர் வாங்க வந்தவராகிவிடுவார்!

குவைத்தின் 2016 சட்டத்தில் முனாகஸாதான். சவூதியின் 2019 சட்டமோ 'முனாஃபஸா', அதாவது போட்டி, என்கிறது. சவூதியில் தகராறு வந்தால் அரபிப் பிரதிதான் செல்லும். அதனால் எந்த நாட்டுக்கு என்று கேட்காமல் வேலையைத் தொடுவதில்லை.

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு யோசனையா?" என்பார் மேனேஜர். கட்டின டெபாசிட்டே அந்த வார்த்தையில்தானே சார் நிற்கிறது!