'நல்ல' என்ற ஒரு சொல்

குப்பத்தில் ஏதாவது ஒரு கல் யார்டுக்குள் காலையில் போய் நின்றால் மூன்று மொழிகள் காதில் விழும். பிளாக்கை இறக்கும் கிரேன்காரர் 'ராயி' என்பார். கோலார் பக்கத்திலிருந்து வந்த லாரி டிரைவர் 'கல்லு' என்பார். நாங்கள் 'கல்' என்போம். ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் ஒன்றையொன்று தொடும் மூலையில் இருக்கிறது எங்கள் ஊர். பேச்சில் இதனால் யாருக்கும் சங்கடம் வந்ததில்லை. எழுதி வைத்ததில்தான் வந்தது.

கல் சோதிக்கும் வேலையில் எனக்கு இருபத்துநான்கு வருஷம் ஆகிறது. முதல் பாதியில் கல்லை அறுத்தேன், ஓவனில் உலர்த்தினேன், தராசில் நிறுத்தேன், மெஷினில் நசுக்கினேன், வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன். இரண்டாம் பாதியில் அந்தப் பழைய பதிவேடுகளைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுகிறேன். வேறு ஊரில், வேறு நாட்டில் பொருளறிவியல் ஆராய்ச்சி செய்பவர் எங்கள் எண்ணைத் தன் எண்ணோடு சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும், அதற்காக. சொற்பொருள் தொழில்நுட்பம், ஆன்டாலஜி என்றெல்லாம் இதற்குப் பெயர் இருக்கிறது. இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக, என் கைக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் 'நல்ல' கதை.

பழைய பதிவேடு ஒன்றை யாரோ எக்ஸெலில் ஏற்றியிருந்தார்கள். எல்லாமே ஆங்கில எழுத்தில். 'வகை' என்ற பத்தியில் நாற்பத்தாறு வரிகளில் 'நல்ல' என்று இருந்தது. தமிழனான எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. 'தரம்: நன்று' என்று நாற்பத்தாறையும் மாற்றிவிட்டேன். சாயங்காலம் மேஸ்திரியிடம் காட்டினேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இந்தப் புக்கை எழுதினது யாரு?"

பெயரைச் சொன்னேன்.

"அவரு தெலுங்குக்காரரு. அவருக்கு நல்லன்னா கருப்பு."

தெலுங்கில் 'நல்ல ராயி' என்றால் கருங்கல். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், தினமும் அந்தச் சொல்லைக் கேட்கிறேன். ஆனாலும் பதிவேட்டில் பார்த்தபோது என் மொழிதான் முந்திக்கொண்டது. உடனே எல்லாவற்றையும் 'கருப்பு' என்று மாற்றப் போனேன். மேஸ்திரி தடுத்தார். நடுவில் சில மாதம் அந்தத் தெலுங்குக் குமாஸ்தா லீவில் இருந்தாராம், வாணியம்பாடிப் பையன் ஒருவன்தான் எழுதினானாம். கையெழுத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்தோம். சாய்ந்த எழுத்து தெலுங்குக்காரருடையது, உருண்டை எழுத்து அந்தப் பையனுடையது. அதோடும் அவர் விடவில்லை. அறுத்த கல்லின் மிச்சத் துண்டுகளை எண் எழுதிப் பின்கொட்டகையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். தூசி படிந்த கல் எல்லாமே சாம்பலாகத்தான் தெரியும், ஈரம் பட்டால்தான் தன் நிறத்தைக் காட்டும். நாற்பத்தாறில் முப்பத்தேழு கருப்பு. மீதி ஒன்பதும் எங்கள் பச்சைக் கல், நல்ல தரம்.

அன்றைக்குப் பிடித்த பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. எழுதியவர் எழுதியபடியே ஒரு பத்தி, அதைத் தொடவே கூடாது. பக்கத்தில் நாம் புரிந்துகொண்ட பொருளுக்கு ஒரு பத்தி. அதற்கும் பக்கத்தில் யார், எந்தத் தேதியில், எதைப் பார்த்து அப்படிப் புரிந்துகொண்டார் என்று ஒரு பத்தி. நான் முதல் நாள் செய்தது போலப் பழைய சொல்லை அழித்து எழுதினால், தவறு தெரிந்தபின் திரும்பிப் போக வழி இருக்காது.

கணினிக்கு இதை எழுதும் முறை தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடினமில்லை. ஆர்.டி.எஃப். என்பார்கள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று மூன்றாக எழுதுவது, அவ்வளவுதான். 'இந்தக் கட்டி, நிறமாகக் கொண்டது, கருப்பை.' நம் நிகண்டுகள் செய்த வேலையும் இதற்கு நெருங்கிய உறவு. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் பதினோராவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதைத் தொகுப்பது. 'நல்ல' அங்கே போக வேண்டிய சொல். ஆன்டாலஜி என்ற சொல்லைக் கேட்டு மிரளும் பிள்ளைகளிடம் நான் நிகண்டைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது எண். சொல்லைவிட எண் அதிகமாக ஏமாற்றும், ஏனென்றால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஒரு பக்கத்தில் 'வலிமை 1650' என்று இருந்தது. அலகு எழுதவில்லை. அந்த வேலை அமெரிக்க ஆர்டருக்காகச் செய்தது என்று மேலே குறிப்பு இருந்ததால், சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்துக்கொண்டேன். மாற்றினால் 11.4 மெகாபாஸ்கல். அழுத்தி நசுக்கும் சோதனையில் எந்தக் கிரானைட்டும் அவ்வளவு கீழே போகாது. ஆனால் வளைத்து உடைக்கும் சோதனையில் 11.4 சரியாகப் பொருந்துகிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். சி 615 தரம் கிரானைட்டுக்குக் கேட்கும் குறைந்தபட்ச முறிவுக் குணகமே 10.34 மெகாபாஸ்கல்தான். பொருந்திவிட்டதே என்ற நிம்மதியில் 'வளைவு வலிமை' என்று எழுதி மூடிவிட்டேன்.

மேஸ்திரி கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த வருஷம் நம்மகிட்ட வளைக்கிற மெஷின் இருந்துச்சா?"

இல்லை. அப்போது இருந்தது சி.டி.எம். மட்டும், கனசதுரக் கட்டியை நசுக்கும் மெஷின். அதன் டயலைப் பார்த்துக் கணக்குப் போட்டு, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதுவார்கள். 1650 என்றால் 161.8 மெகாபாஸ்கல் அமுக்க வலிமை. அதே சி 615 கேட்பது 131, எங்கள் கல் தாராளமாகத் தேறியது. என் கையால் அதை வேறொரு குணமாகவே மாற்றியிருந்தேன். அபத்தமாகத் தெரியும் எண்ணை யாராவது ஒருநாள் பிடித்துவிடுவார்கள். நியாயமாகத் தெரியும் தப்பான எண் எங்கும் மாட்டாமல் போய்க்கொண்டே இருக்கும். அலகு இல்லாத எண் வந்தால், எந்த மெஷின், எந்த வருஷம் என்று கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

எண்ணோடு கூடவே வர வேண்டியவை இன்னும் உண்டு. கட்டி உலர்ந்திருந்ததா, ஊறியிருந்ததா? கல் எந்தப் பக்கம் எளிதாகப் பிளக்குமோ அதற்கு நேராக அழுத்தினார்களா, குறுக்காகவா? மேஸ்திரி பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, சிவப்புச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோடு அறுத்த பிறகும் கட்டியில் இருக்கும்படி நான் அறுக்க வேண்டும். பலமுறை கோடு போன பக்கத்தை அறுத்துத் தள்ளிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று எங்கள் தரவில் 'திசை' என்று ஒரு புலம் இருக்கிறதே, அது அந்தச் சாக்கட்டிக் கோடுதான். நீர் உறிஞ்சுதலும் அப்படியே. ஏ.எஸ்.டி.எம். சி 97 முறையில் கட்டியை 60 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி, பிறகு 48 மணி நேரம் ஊறவைத்து நிறுப்போம். நம் ஐ.எஸ். 1124-இன் வழி வேறு. பெயர் ஒன்று, சோதனை இரண்டு. முறையின் பெயரை எண்ணோடு கட்டாமல் அனுப்பக் கூடாது.

கடைசியாகப் பெயர். வியாபாரத்தில் மெருகு ஏறும் கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். 'குப்பம் கிரீன்' கிரானைட், கருப்பு டோலரைட் கிரானைட், பல்லாவரத்துச் சார்னோக்கைட்டும் கிரானைட். பாறையியலில் கிரானைட் என்றால், குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் சேர்ந்த அளவில் குவார்ட்ஸ் மட்டும் 20 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். நான் ஒருமுறை 'கருப்பு கிரானைட்' என்பதையும் பாறையியல் கிரானைட்டையும் 'இரண்டும் ஒன்றே' என்ற இணைப்பால் கட்டிவிட்டேன். கணினி சொன்னதை அப்படியே நம்பும். குவார்ட்ஸ் மிகுந்த கற்களைக் கேட்டவருக்குக் கருப்பு ஸ்லாப் முழுவதையும் எடுத்துக் கொடுத்தது. 'இது வியாபாரப் பெயர்', 'இது பாறைப் பெயர்' என்று தனித்தனிப் பயனிலை வைத்துப் பிரிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஐரோப்பாவின் இ.என். 12440 தரமும் கல்லுக்கு வழங்கும் பெயர், பாறைக் குடும்பம், நிறம், கிடைக்கும் இடம் என்று தனித்தனியாகத்தான் கேட்கிறது. 'ஒன்றே' என்ற இணைப்பைப் போடும் முன் ஒரு இரவு தூங்கி எழுந்து போடுங்கள்.

படிகவியல்காரர்கள் 1991-இலேயே சி.ஐ.எஃப். என்று ஒரு பொதுக் கோப்பு முறையை வெளியிட்டுவிட்டார்கள். படிகக் கூட்டின் நீளம் என்றால் ஆங்ஸ்ட்ராம்தான் என்று அதன் அகராதியே சொல்லிவிடும், யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. பிறகு வந்த எம்மோ போன்ற ஆன்டாலஜிகள் பொருளறிவியல் முழுவதற்கும் அப்படி ஒரு பொதுச்சொல் தேடுகின்றன. அவற்றைப் படியுங்கள், மரியாதையோடு பயன்படுத்துங்கள். ஆனால் குப்பத்துப் பதிவேட்டின் 'நல்ல' எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்பது எந்த அகராதியிலும் இல்லை. அது எழுதியவர் தலையில் இருக்கிறது, பக்கத்தில் நின்றவர் நினைவில் இருக்கிறது.

உங்கள் ஆய்வகத்திலும் அலமாரியில் அப்படிப் பதிவேடுகள் இருக்கும். எழுதியவர் ஓய்வு பெற்று எங்கோ ஒரு தெருவில் இருப்பார். கணினியைத் திறக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய், பக்கத்துக்குப் பக்கம் படித்துக் காட்டி, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. புதன்கிழமைதோறும் ஒரு பதிவேட்டோடு அவர் திண்ணைக்குப் போகிறேன். இன்னும் மூன்று பதிவேடுகள் பாக்கி இருக்கின்றன.