வெளுத்துப் போன கூடாரத் துணி



வெயிலில் வெளுத்துப் போன குடைத்துணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு மறுபடியும் கறுப்புச் சாயம் ஏற்றிவிட்டால் மழைக்கு ஆகுமா? இக்கேள்விக்கு விடை காண நான் ஒரு கோடைகாலம் முழுவதையும் செலவிட்டேன். என்னிடம் இருந்தது குடையன்று. அதைவிடப் பெரிய பொருள்.

நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறோம். இந்நாட்டில் 'போல்டிங் கேம்பர்' என்றொரு வண்டி உண்டு. காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் இரு சக்கரப் பெட்டி அது. போய்ச் சேர்ந்த இடத்தில் மூடியைத் திறந்து, இருபுறமும் படுக்கைப் பலகைகளை வெளியே இழுத்தால், உள்ளே மடிந்து கிடக்கும் கான்வாஸ் துணி கம்பி வளைவுகளின் மேல் எழுந்து சிறியதொரு வீடாகிவிடும். உள்ளேயே அடுப்பு உண்டு. ஹலாலான உணவைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. தொழுவதற்கும் இடம் உண்டு. 2009இல் 400 பவுண்டுக்குப் பழைய வண்டி ஒன்றை வாங்கச் சொன்னபோது என் மனைவி எடுத்துரைத்த காரணங்கள் இவையே. வட வேல்ஸ் கடற்கரையில் பல விடுமுறைகளை அதில் கழித்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

2022இல் மகள் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்தாள். அவள் தங்கும் அறைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்ததால் வண்டியை விற்றுவிடுவதென முடிவு செய்தோம். விரித்துப் பார்த்தால், ஒருகாலத்தில் கரும்பச்சையாக இருந்த துணி வாழைச் சருகின் நிறத்தில் நின்றது. ஜிப்பை மூடும் மடிப்பைத் தூக்கினால் அதன் அடியில் மட்டும் அந்தப் பழைய பச்சை அப்படியே இருந்தது. 2020, 2021 ஆகிய இரு கோடைகளிலும் பிள்ளைகளுக்குப் படிப்பறையாக இருக்கட்டுமென்று தோட்டத்தில் விரித்தே வைத்திருந்ததன் பலன் அது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் சாயத்தின் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடுகின்றன. அதே கதிர்கள் பருத்தி இழையையும் உள்ளுக்குள் அறுக்கின்றன. முதலாவது செய்தி என் கண்ணில் பட்டது. இரண்டாவதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தொடக்கமே கோணலாயிற்று. என் மகன் ஆர்வ மிகுதியால் ஒரு பக்கத்தைச் சலவைத்தூள் கரைத்துத் தேய்த்துவிட்டான். அழுக்கோடு சேர்ந்து, தண்ணீரை உள்ளே விடாதபடி துணியில் ஏற்றியிருந்த பூச்சும் போயிற்று. இத்தகைய துணியை முதலில் உலர்ந்த தூரிகையால் தூசு போகத் தட்டி, பிறகு வெறும் வெதுவெதுப்பான நீரால் மட்டுமே மெல்லத் துடைக்க வேண்டும். நன்றாகக் காயவும் வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளியை முழுவதுமாக நீக்குவது அரிது.

எந்தத் துணி என்று அறிவதும் அவசியம். பருத்தித் துணி நிறத்தை நன்றாக ஏற்கும். அக்ரிலிக் துணியில் இழை உருவாகும் முன்பே நிறம் கலந்துவிடுவதால் அது எளிதில் வெளுப்பதில்லை. பின்னால் பூசும் நிறத்தை எளிதில் ஏற்பதும் இல்லை. டேண்டி என்ற பெயரில் வந்த வண்டிகளைப் போலப் பி.வி.சி. பூசிய துணிக்கு இந்த வேலை சரிப்படாது. எங்களுடையது பருத்தி.

வெந்நீரில் கரைத்து முக்கும் ஆடைச் சாயம் இதற்கு ஆகாது. கூடாரத்தை எந்த அண்டாவில் முக்குவது? தூரிகையால் பூசும் நீர்க்கலவை நிறம் தனியே கிடைக்கிறது. ஜன்னல் பிளாஸ்டிக் மீது படாமல் ஒட்டுத்தாளால் மறைத்து, முதல் பூச்சை நீர்க்கவும் இரண்டாவதைச் சற்றுக் கெட்டியாகவும் பூசினோம். இடையே சில நாள் வேலையை நிறுத்தினோம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று அல்லவா? இங்கிலாந்து அதற்கு முன் கண்டிராத வெப்பம் அது. அந்தச் சூட்டில் நிறம் பரவும் முன்பே காய்ந்து கோடு கோடாக நின்றது. வெப்பம் தணிந்தபின் பூசி முடித்தோம். துணி பச்சைப் பசேலென்று மாறியது. பக்கத்து வீட்டார் வேலிக்கு அப்பால் நின்று பாராட்டினர்.

கடைசியாக நீர்க்காப்புத் திரவம் பூசும்போது, கூரையின் முகட்டில் என் கட்டைவிரல் சற்று அழுந்தியது. 'சர்' என்ற ஓசையுடன் துணி இரண்டு அங்குலம் கிழிந்தது. மறைவான ஓரிடத்தில் துணியை மடித்து இழுத்துப் பார்த்தேன். அங்கும் காகிதம் போல விட்டுக்கொடுத்தது. பக்கச் சுவர்கள் உறுதியாக இருந்தன. உச்சி வெயிலை நேராக வாங்கிய கூரைதான் இற்றுப் போயிருந்தது. உட்புறம் ஒரு துண்டை வைத்து ஒட்டி, மேலே பச்சை பூசினேன். வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

இரண்டு சிறு பிள்ளைகளுடன் ஓர் இளம் தம்பதியர் வந்தனர். 900 பவுண்டுக்குப் பேரம் முடிந்தது. தேநீர்க் கோப்பைகளுடன் வந்த என் மனைவி தமிழில், “கூரையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா?” என்றார்.

“அவர் கேட்கவில்லையே” என்றேன்.

“மழை வந்தால் அந்தப் பிள்ளைகள் மேல்தானே சொட்டும்?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வியை நீங்கள் அறிவீர்கள். சிறு வயதில் மதரஸாவில் அதைக் கேட்டவன்தான் நானும். வந்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். மகளின் முன்பணத் தொகை என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றேன் என்பதை உங்களிடம் மறைப்பதற்கில்லை. பிறகு அவரை உள்ளே அழைத்து, கூரையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

அழுத்தினார், கிழிந்தது. அவர் மனைவியின் முகம் மாறிவிட்டது. இருவரும் தோட்டத்தின் மூலையில் நெடுநேரம் பேசினர். இறுதியில் 500 பவுண்டு கொடுத்து வண்டியை இழுத்துச் சென்றனர். எஞ்சிய 400 பவுண்டுக்காக நான் பல வாரக் கடைசி நாள்களில் கூடுதல் வேலை பார்க்க நேர்ந்தது.

அடுத்த வசந்தத்தில் அவர் ஒரு நிழற்படம் அனுப்பினார். கூடாரத் துணி தைப்பவர் ஒருவரிடம் கொடுத்துக் கூரையை மட்டும் புதிதாகத் தைத்திருந்தார். அது நீலநிறத் துணி. எங்கள் பச்சைச் சுவர்களுக்குச் சற்றும் பொருந்தவில்லை. அதன் கீழே அந்த இரு பிள்ளைகளும் மழைக்கோட்டுடன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.