நான் திருத்திய பாட்டு

ஏற்காட்டிலும் சேலத்துக் கலை இரவு மேடைகளிலும் எனக்குப் போராட்டப் பாடகன் என்று பெயர். சிலியில் 1973 செப்டம்பரில் ராணுவம் கொன்ற பாடகர் விக்டர் ஹாராவின் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவேன். தென்னாப்பிரிக்காவைப் பாடுவேன். வியட்நாமைப் பாடுவேன். எங்கள் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலத்திலும் நான் இங்கேதான் குடியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. தூரத்து அநியாயத்தைப் பாடினால் யாரும் வீடு தேடி வந்து விசாரிப்பதில்லை. இது தெரிந்தேதான் பாடினேன்.

2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைத் திட்டம் வந்தது. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் என்றார்கள். பாதை எங்கள் மலையடிவாரத்தில், குப்பனூர் பக்கமாகப் போனது. ஜூன் மாதம் போலீஸ் காவலோடு வயல்களில் கல் நட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்களைக் கைது செய்தார்கள்.

அடிவாரத்து ஊர் ஒன்றில், நட்ட கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு ஆயா ஒப்பாரி வைத்தார். இழவு வீட்டு மெட்டுதான். செத்தவர் இடத்தில் கிணற்றை வைத்திருந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டத் தெரியாதவர், பட்டாவில் இருக்கிற புல எண்ணைப் பிசகாமல் சொன்னார். கல் நடச் சொன்ன அதிகாரியைப் பதவியோடு கூப்பிட்டு, என் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தானே போனாய் என்று கேட்டார். சுற்றி இருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு பின்பாட்டுப் பாடினார்கள். பேரன் செல்போனில் பதிவு செய்து என்னிடம் கொண்டுவந்தான். "கூட்டத்துல பாடற மாதிரி திருத்திக் குடுங்க வாத்தியாரே" என்றான்.

அன்று ராத்திரியே திருத்தினேன். முதலில் அதிகாரியை நீக்கினேன். அப்புறம் புல எண்ணை. கடைசியில் ஊரை. அந்த இடங்களில் மண்ணே, மானுடமே, விடியலே என்று போட்டேன். சந்தம் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் பையனிடம், "பேர் இருந்தா அது புகார் மனு. இல்லாட்டித்தான் கலை" என்றேன்.

அது பொய். எனக்குப் பயம். 2015 அக்டோபரில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காகக் கோவனைத் திருச்சியில் தேசத்துரோக வழக்கில் கைது செய்தது எனக்கு மறக்கவில்லை. பயத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். படிக்காத கிழவி என்னைவிட நல்ல பாட்டு கட்டிவிட்டார். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

பெயரின் பலம் தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றி 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு யூனிலீவரைப் பெயர் சொல்லித்தான் கேள்வி கேட்டது. அடுத்த மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் பல வருடம் வழக்காடியதன் பலன் அது. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பாட்டு மறைக்கவில்லை. கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடலும் எண்ணூரை எண்ணூர் என்றே சொன்னது. இரண்டையும் நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

மனு கொடுக்க ஆட்சியர் அலுவலகம் போன பெண்கள் வாசலில் என் பாட்டை எடுத்தார்கள். 'மானுடமே' வாயில் நுழையவில்லை. இரண்டு அடியோடு நின்றுவிட்டது. காவலுக்கு நின்ற ஒருவர் சிரித்தார். ஆயா என் பக்கம் திரும்பி, "என் கிணத்த எங்க சாமி வெச்சீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் நழுவினேன். அதற்குப் பிறகு அவர்கள் எந்தக் கூட்டத்திலும் பாடவில்லை. ஒப்பாரியும் வைக்கவில்லை. அது திருத்த வேண்டிய பாட்டு என்று சொன்னவன் நான்தானே.

அந்த வருடக் கடைசியில், வெளியூர் மேடை ஒன்றில், அதையே என் பாட்டாகப் பாடினேன். பொன்னாடை போர்த்தினார்கள். ஆயாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. நிலத்துக்காரர்கள் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். நான் ஒரு நாளும் கூடப் போகவில்லை.

பேரன் வைத்திருந்த பதிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "கேஸ் வந்தா மொதல்ல உன் போனைத்தான் வாங்குவாங்க, அழிச்சிரு" என்று அவன் அப்பா எதிரிலேயே சொன்னேன். மிரண்டுபோன அவர் மகனைக் கூட்டங்களுக்கே போகவிடாமல் நிறுத்திவிட்டார். பல மாதம் கழித்து ஆயாவிடம் போய், பழையபடி பாடச் சொன்னேன். "அன்னிக்கு வந்துச்சு சாமி. இப்ப வரல" என்றார். நான் திருத்தியது மட்டும்தான் இப்போது இருக்கிறது. மற்றதை அழிக்கச் சொன்னவன் நான்.