நாணயம் சொல்வதும் சொல்லாததும்



நம் வகுப்பறைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி ஒலிக்கிறது: "தமிழகத்தில் ரோமானிய நாணயங்கள் கிடைத்துள்ளன, ஆகவே, ரோமானியர் அங்கு வந்து வணிகம் செய்தனர்." இதிலுள்ள 'ஆகவே' என்னும் சொல் எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருக்கிறது.

நாணயங்கள் கிடைத்தது ஐயத்திற்கு இடமில்லாத உண்மை. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்திற்குக் குறுக்கே உளி வெட்டு ஒன்று காணப்படுகிறது. பொன்னின் தரத்தைச் சோதித்திருக்கலாம். இனிக் காசாகச் செல்லாது என்று அடையாளமிட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் பலவாறு கூறுவர். எப்படியாயினும், வெட்டியவருக்கு அந்த முகம் பெரிதாகத் தோன்றவில்லை. பொன்தான் பெரிதாகத் தோன்றியிருக்கிறது.

நம் வட்டாரத்திலும் இத்தகைய சான்று உண்டு. வியட்நாமில், மேக்கோங் ஆற்றின் கழிமுகப் பகுதியில் உள்ள ஓக் இயோ என்னும் பழைய வணிக நகரில் 1944இல் லூயி மாலரே என்னும் பிரெஞ்சு அறிஞர் அகழாய்வு நடத்தினார். அங்குக் கிடைத்த பொருள்களுள் கி.பி. 152ஐச் சேர்ந்த, பேரரசர் அந்தோனினஸ் பயஸின் பெயர் பொறித்த பொற்பதக்கமும் ஒன்று. "அப்படியென்றால் ரோமானியர் வியட்நாமுக்கு வந்தார்களா?" என்று ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டு உண்டியலில் ஜப்பான் காசு இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் ஜப்பானுக்குப் போனதில்லையே!" என்றாள்.

காசு கைமாறிக் கைமாறிச் செல்வது. உரியவர் வராமலேயே அது கடல் கடந்துவிடும். ரோமானியப் பேரரசின் வணிகர்கள் சேரநாட்டு முசிறியோடு நேரடித் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதற்கு, வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் கடன் ஒப்பந்தமே காசுகளைவிட வலிய சான்று.

தமிழர் இப்பக்கம் வந்தமைக்கு நான் காட்ட விரும்புவதும் காசன்று, ஒரு கல். தென் தாய்லாந்தில், கிராபி மாநிலத்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல் அது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. பொன்னை உரைத்துப் பார்த்த ஒருவர் தம் தொழிற்கருவியில் இட்டுக்கொண்ட பெயர். கைமாற்றுவதற்காகவா ஒருவர் தம் கருவியில் பெயர் பொறிப்பார்?

"அதையும் யாராவது விற்றிருக்கலாமே, ஐயா?" என்று அம்மாணவி அடுத்த வாரம் கேட்பாள். கேட்கட்டும்.