மூன்று நிமிடங்களும் காலி வீதியும்

வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ் ஏறி, தெஹிவளையும் கல்கிசையும் தாண்டினால் இரத்மலானை விமான நிலையம். 1935 நவம்பர் 27இல் இங்கே முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் சென்னைப் பறக்கும் கழகத்தைச் சேர்ந்த டிண்டேல் பிஸ்கோ. சர்வதேச விமானங்கள் கட்டுநாயக்கவுக்குப் போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் சனங்களுக்கு இது போர்க்காலத்தில் பலாலி விமானத்துக்குக் காத்திருந்த இடம். மற்றபடி பயிற்சிப் பள்ளிகளின் சின்னஞ்சிறு செஸ்னாக்கள் ஏறி இறங்கும் இடம். அந்தச் செஸ்னா ஒன்றுக்கு வானத்தில் கோளாறு வந்தால் தரையில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே என் அக்கறை. அவர்களுடைய வேலையில் மிகக் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பது என்றே எனக்குப் படுகிறது.

விமானி ‘மேடே’ என்று மும்முறை அழைத்ததும் கட்டுப்பாட்டுக் கோபுரம் மற்ற விமானங்களைப் பேசவிடாமல் நிறுத்துகிறது, ஓடுபாதையை ஒழிக்கிறது, காற்றின் திசையையும் வேகத்தையும் சொல்கிறது, தீயணைப்புப் பிரிவை உசுப்புகிறது. கேட்க வேண்டியவை இரண்டே: உள்ளே எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு. தேடலை எப்போது நிறுத்தலாம் என்பதற்கு முதலாவது; தீ எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு இரண்டாவது. அதையும் விமானிக்குக் கை ஓய்ந்த வேளையில்தான் கேட்க வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானம் 500 அடியில் எஞ்சின் நின்றுபோனால் தரைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் கேள்வி கேட்பது உதவியே அல்ல. சக்கரம் மடங்கும் விமானமொன்று, சக்கரம் இறங்கியதா என்று பார்த்துச் சொல்லும்படி கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்தாலும் இதே கட்டுப்பாடுதான். ‘இறங்கியிருப்பதுபோல் தெரிகிறது’ என்பதற்கு மேல் கோபுரம் சொல்லக் கூடாது. பூட்டு விழுந்ததா என்பது தொலைநோக்கிக்குத் தெரியாது.

தனியே பறக்கும் மாணவனை இப்படி அம்போவென்று விடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயிற்றுநர் வானொலிக்கு வந்து பழகிய குரலில் இரண்டு வசனம் சொன்னால் பையனின் நடுக்கம் அடங்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் ஒன்றாக இருக்க வேண்டும். நாலு பேர் நாலு யோசனை சொன்னால் அவன் விமானத்தை ஓட்டுவதை விட்டுவிட்டுப் பதில் சொல்லத் தொடங்குவான். வானொலியே பழுதான விமானத்துக்குக் கோபுரம் விளக்கு காட்டுகிறது: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், மின்னும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. ஒரு சொல்லும் இல்லாமல் காரியம் நடக்கிறது.

‘தீயணைப்பு வண்டி இருக்கிறதே, பிறகென்ன’ என்பது இன்னொரு வாதம். சர்வதேச விதிப்படி ஓடுபாதையின் எந்த முனைக்கும் வண்டி மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு நிமிடமானால் இன்னும் நல்லது. நீளம் 9 மீற்றருக்குக் குறைந்த விமானம் மிகச் சிறிய வகை. செஸ்னா 172 அதில் அடங்கும். அதற்குக் கேட்கப்படும் நுரைத் தண்ணீர் சில நூறு லீற்றர்தான். கணக்கு சரி, ஆனால் வேலிக்குள்ளே மட்டும். எழும்பியதும் எஞ்சின் நிற்கும் விமானம் பெரும்பாலும் வேலிக்குள் விழுவதில்லை. இரத்மலானையில் ஒரு பக்கம் காலி வீதி, வீடுகள், ரயில் பாதை, கடல். மறுபக்கம் அத்திடிய சதுப்பு நிலம். மாலை ஐந்து மணிக் காலி வீதியில் எந்த வண்டி மூன்று நிமிடத்தில் போகும்? சதுப்பில் வண்டியே இறங்காது.

அங்கே முதலில் ஓடிவருவது ஆட்டோக்காரரும் கடைக்காரரும்தான். நின்றிருக்கும் புரொப்பெல்லரையும் தொடக் கூடாது, அது திடீரென்று சுழலலாம். கசியும் பெற்றோலருகே சிகரெட் கூடாது. தீ இல்லையென்றால் காயப்பட்டவரை இழுத்தெடுக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? சனத்தைப் பயமுறுத்தாதீர்கள் என்பார் சிலர். தலைக்கு மேல் நாளெல்லாம் விமானம் இரைவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சனத்துக்கு இது புதுப் பயமில்லை. முழு அளவிலான அவசரகால ஒத்திகையை ஈராண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. அதை வேலிக்கு வெளியேயும் ஒருமுறை நடத்திப் பார்க்கட்டும்: எந்தக் கேற்றின் சாவி யாரிடம், காலி வீதியை மறிக்கும் பொலிஸ்காரர் எந்தச் சந்தியில் நிற்பார், தெஹிவளை – கல்கிசை மாநகர சபையின் தீயணைப்பு வண்டி எந்த ஒழுங்கையால் உள்ளே வரும்.