ஐந்து பழம்புடவையும் ஓர் ஊசியும்

கல்கத்தாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள் என்று கேட்டால், ரசகுல்லா டப்பா என்பீர்கள். இல்லாவிட்டால் தாந்த் புடவை என்பீர்கள். இரண்டும் நல்லவைதான். ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் மூட்டையாகக் கிடக்கும் நைந்த நூல் புடவைகளுக்கு ஒரு வழி தெரிந்துகொண்டு வர வேண்டுமென்றாலும், அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். 2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் நம் வாய்க்குக் கல்கத்தா என்றுதானே வருகிறது?

நம் பக்கத்தில் பழம்புடவையின் தலைவிதி எல்லோருக்கும் தெரிந்ததே. வீட்டில் குழந்தை இருந்தால் தூளி. இல்லாவிட்டால் கிழித்துக் கரித்துணி. அதற்கும் மிஞ்சினால் பாத்திரக்காரரிடம் ஆறு புடவையைப் போட்டு, அரை மணி நேரம் வாதாடி, ஓர் எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிட்டு, ஏமாந்தது நாமா அவரா என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருப்போம். வங்காளத்துப் பெண்மணிகள் புடவையை அவ்வளவு சுலபத்தில் கைவிட்டவர்கள் அல்ல. அவர்கள் அதைக் காந்தா ஆக்கினார்கள்.

பெயர் புதிதாக இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். நாம் கந்தை என்கிறோமே, அதற்கு உறவுக்காரச் சொல்தான். நாலைந்து பழைய புடவைகளையோ வேஷ்டிகளையோ ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, வெறும் ஓட்டுத் தையலால் ஒன்றாக இணைத்தால் காந்தா. பஞ்சு கிடையாது, இயந்திரம் கிடையாது. தைக்கும் நூலைக்கூட அந்தக் காலத்தில் கடையில் வாங்கவில்லை. புடவைக் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமாக நூலை உருவி எடுத்து, அதையே ஊசியில் கோத்தார்கள். செலவு என்று பார்த்தால் ஊசி ஒன்றுதான்!

இதில் ஒரு யுக்தி இருக்கிறது. நைந்த துணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. ஒரு புடவை உட்காரும் இடத்தில் இளைத்திருக்கும். இன்னொன்று தோளில் இளைத்திருக்கும். அடுக்கும்போது ஒன்றின் பலவீனத்தின் மேல் மற்றொன்றின் பலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நெருக்கமான தையல் எல்லா அடுக்கையும் பிடித்துக்கொள்கிறது. நூலைச் சற்றே இழுத்துத் தைப்பதால் துணி முழுவதும் மெல்லிய அலை எழும்புகிறது. காந்தாவைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் அந்த அலையை மறக்க மாட்டார்கள்.

குளிருக்குப் போர்த்துகிற கனமானது லேப். விருந்தாளிக்கு விரிக்கிற விரிப்பு சுஜனி. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க ஆர்சிலதா என்று நீளமாக ஒன்று. புத்தகம் கட்ட, தலையணைக்கு உறை போட, எல்லாவற்றுக்கும் காந்தா உண்டு. பிறந்த குழந்தைக்கோ கேட்கவே வேண்டாம். பழந்துணி உடம்பை உறுத்தாது என்பது ஒரு காரணம். கண் படாது என்பது இன்னொன்று. நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதேதானே?

கல்கத்தாவில் காந்தா பார்க்க வேண்டுமானால் டயமண்ட் ஹார்பர் சாலையில் ஜோக்கா பக்கம் போக வேண்டும். தாராதலாவிலிருந்து ஜோக்கா வரை 2022 டிசம்பரில் மெட்ரோ ரயில் விட்டபிறகு பிரயாணம் சுலபமாகிவிட்டது. அங்கே குருசதய் பொருட்காட்சிசாலை இருக்கிறது. குருசதய் தத் (1882–1941) ஐ.சி.எஸ். அதிகாரி. ஜில்லா ஜில்லாவாக உத்தியோகம் பார்த்தபோது, கிராமத்துப் பெண்கள் தைத்ததையும் வரைந்ததையும் தேடிச் சேகரித்தார். மற்ற துரைமார்கள் புலித்தோல் சேர்த்த காலத்தில் இவர் கந்தைத் துணி சேர்த்தார்! திறந்திருக்கிறதா என்று முன்னதாக விசாரித்துக்கொண்டு போங்கள்.

அந்தச் சேகரிப்பில் மிகவும் பேர் பெற்றது மானதாசுந்தரி என்ற பெண்மணி தம் தகப்பனாருக்காகத் தைத்த காந்தா. சிப்பாய்களும் வெள்ளைக்காரத் துரைகளும் அதில் ஊசியாலேயே உருவாகியிருக்கிறார்கள். தன் பெயரையும் நூலாலேயே எழுதியிருக்கிறாள் அந்த மகள். ராஜாவுக்கு நெய்த பட்டின் கீழே நெசவாளியின் பெயர் இருப்பதில்லை. இங்கே அப்பாவுக்குத் தைத்த கந்தையில் மகளின் பெயர் இருக்கிறது.

ஜசீமுதீன் என்ற கவிஞர் 1929-ல் ஒரு கதைக் காவியமே எழுதினார். பிரிந்துபோன கணவனை எண்ணி எண்ணி, தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, செத்தபின் அதைத் தன் சமாதி மேல் விரிக்கச் சொல்கிறாள் கதாநாயகி. கவி பிறந்தது இன்று பங்களாதேஷ் ஆகிவிட்ட கிழக்கு வங்காளத்தில். தேசம் இரண்டானாலும் காந்தா இரண்டு பக்கமும் இருக்கிறது.

கல்கத்தாவோடு திரும்பிவிடாதீர்கள். ஹௌராவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் ரயிலில் போனால் போல்பூர்; சாந்திநிகேதனுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். சோனாஜுரி மரங்களுக்கு அடியில் கூடும் சந்தையில் காந்தா குவிந்து கிடக்கும். ஆனால் விரித்துப் பாருங்கள்: புதுத் தஸர் பட்டு, புது நூல், அடுக்கு ஒன்றே ஒன்று! தையல் அதே ஓட்டுத் தையல்தான், கந்தையைத்தான் காணோம்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானூர் முதலான ஊர்களில் எத்தனையோ பெண்களுக்கு இந்தப் பட்டுப் புடவைதான் கூலி கொடுக்கிறது. ஒரு புடவை முழுவதும் தைக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மனசாட்சியோடு பேரம் பேசுங்கள். காந்தாக் கலைக்காக 2023-ல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும் 2024-ல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, சந்தோஷமான விஷயம். இருந்தாலும் காசு கொடுத்துக் காந்தா வாங்கலாமே தவிர, உங்கள் தாயார் கட்டிய புடவையைக் கொண்டு செய்த காந்தாவை எந்தச் சந்தையில் வாங்குவீர்கள்? கட்டவும் முடியாமல், பாத்திரக்காரருக்குப் போடவும் மனம் இல்லாமல், வருஷத்துக்கொரு முறை வெயிலில் காட்டி மடித்து வைக்கிறீர்களே, அந்தப் புடவையைச் சொல்கிறேன்.

அதை எடுங்கள். முதலில் அசல் நூல்தானா என்று பார்க்க வேண்டும். ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி மணி போல உருளும். உருண்டால் அது காந்தாவுக்கு ஆகாது. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடியோடு இற்றுப்போன பாகத்தைக் கிழித்துத் தள்ளுங்கள். கஞ்சி போகத் துவைத்து உலர்த்துங்கள். கஞ்சி இருந்தால் விரல்தான் புண்ணாகும்.

ஐந்தரை மீட்டர்ப் புடவையை நாலாகக் கிழித்தால் குழந்தை விரிப்புக்கு நாலு அடுக்கு ஆயிற்று; ஒரே புடவை போதும். பெரியவர்களுக்குப் போர்வை வேண்டுமானால் புடவையை இரண்டாகக் கிழித்துப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தால் ஓர் அடுக்கு. இப்படி ஐந்து புடவை வேண்டும். நல்ல கரையும் முந்தானையும் உள்ளதை மேலே போடுங்கள். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலையிலும் அம்மிக் குழவியோ அகராதியோ எதையாவது கனமாக வையுங்கள். ஓரத்தை உள்ளே மடித்து முதலில் தைத்துவிட வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு வரிசை பெரிய தையலாக நூலோட்டி, அதன் பிறகு நடுவிலிருந்து வெளியே நோக்கிப் பொடித் தையல் போட்டுக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். கோலம் போடத் தெரிந்த கைக்குத் தாமரையும் மாங்காயும் யாரும் வரைந்து தர வேண்டியதில்லை. அவசரம் வேண்டாம், மத்தியானத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் குழந்தை விரிப்பு ஒன்றிரண்டு மாதத்தில் முடியும்.

முடிந்ததும் நூலோட்டத்தை உருவிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் கிடத்தி உலர்த்துங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் அத்தனை அடுக்கின் கனமும் தையலைப் பிடித்து இழுக்கும்.